பனிச்சரிவில் தப்பிய வேலூர் மருத்துவர்

ஆம்பூர்க்காரர் ஒருவர் வேலூருக்குப் பேருந்து ஏறினால், சி.எம்.சி. மருத்துவமனைக்கா என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்த மருத்துவக் கல்லூரியில் 1949 முதல் அறுவை சிகிச்சை கற்பித்த ஆங்கிலேயர் ஒருவர், காலணித் தொழிலை நம்பி வாழும் எங்கள் ஊருக்கு ஒருவகையில் உறவினர் என்றே சொல்லலாம். தியோடர் ஹோவர்ட் சோமர்வெல், இங்கிலாந்தின் கெண்டல் நகரில் 1890 ஏப்ரல் 16-இல் பிறந்தார். 1842-இல் தோல் வணிகமாகத் தொடங்கிய அவரது குடும்பத் தொழில், பின்னாளில் 'கே ஷூஸ்' என்ற பெயரில் புகழ்பெற்ற காலணி நிறுவனமாயிற்று. அவரோ கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியலும் லண்டனில் மருத்துவமும் பயின்றார்.

முதல் உலகப் போரில், 1916-இன் சோம் போர்க்களத்தில், சிகிச்சைக்காகத் திறந்தவெளியில் காத்துக் கிடந்த நூற்றுக்கணக்கான காயமுற்றோரைக் கண்டவர் அவர். போரை வாழ்நாள் முழுவதும் வெறுத்தார்.

1922-இல் ஜெனரல் புரூஸ் தலைமையில் எவரெஸ்ட் சென்ற குழுவில் அவர் இடம்பெற்றார். மே 21 அன்று மல்லோரி, நார்ட்டன் ஆகியோருடன், செயற்கை ஆக்சிஜன் இன்றி ஏறத்தாழ 8,200 மீட்டர் உயரத்தை எட்டினார். அதோடு திரும்பியிருக்கலாம். பருவமழைக் காலம் நெருங்கிய நிலையிலும் இன்னொரு முயற்சிக்கு முடிவு செய்தார்கள்.

ஜூன் 7. பலத்த பனிப்பொழிவு ஓய்ந்து ஏறக்குறைய இரண்டே நாள்கள். மல்லோரி, சோமர்வெல், கிராஃபோர்டு ஆகிய மூவரும் 14 சுமையாளர்களும் வடக்குக் கணவாயை நோக்கி ஏறினர். வழியில் ஒரு செங்குத்தான சரிவைச் சோதித்தார்கள், பனி நகரவில்லை. அந்த நம்பிக்கையில்தான் மேலே சென்றார்கள். ஆனால், ஒரு சரிவு தாங்கியது என்பது அடுத்த சரிவும் தாங்கும் என்பதற்குச் சான்றாகாது. பழைய இறுகிய பனியின் மீது விழுந்த புதுப் பனி அதனோடு பிணைய அவகாசம் வேண்டும். காற்று கொண்டுவந்து குவித்த இடங்களில் இன்னும் கூடுதலாக. 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளே மிகவும் ஆபத்தானவை என்று இன்று பயிற்சி முகாம்களில் முதல் பாடமாகவே கற்பிக்கிறார்கள்.

கணவாய்க்குச் சற்றுக் கீழே, பிற்பகலில், சரிவு உடைந்தது. முன்கயிற்றில் இருந்த ஆங்கிலேயர் மூவரும் பனியிலிருந்து மீண்டு எழுந்தனர். பின்னால் வந்த ஒன்பது சுமையாளர்கள் பனிக்கட்டி விளிம்பைத் தாண்டிப் பிளவுக்குள் வீழ்ந்தனர். தோண்டி எடுத்ததில் இருவர் பிழைத்தனர். ஏழு பேர் மாண்டனர். தங்களில் ஒருவராவது அவர்களோடு இறந்திருக்கக் கூடாதா என்று சோமர்வெல் மனம் நொந்து எழுதினார். ஒருவர் எடுக்கும் முடிவின் விலையை வேறொருவர் செலுத்துவதைப் பொருளியலில் புறவிளைவு என்போம். அதை வகுப்பில் விளக்கப் பல ஆண்டுகள் ஆலைப் புகையையும் பாலாற்றில் கலக்கும் கழிவுநீரையுமே உதாரணம் காட்டினேன். இந்த ஏழு பேரைச் சொல்லியிருக்கலாம்.

அந்த ஆண்டே இந்தியாவைச் சுற்றிப் பார்க்கையில், அன்று திருவிதாங்கூரில் இருந்த நெய்யூர் மிஷன் மருத்துவமனைக்கு வந்தார். அங்கே நோயாளிகளின் கூட்டத்தையும் மருத்துவர் பற்றாக்குறையையும் கண்டபின், லண்டனில் காத்திருந்த எதிர்காலத்தைத் துறந்தார்.

1924-இல் மீண்டும் எவரெஸ்ட். அதே வடக்குக் கணவாயில், புதுப் பனிக்கு அஞ்சி நான்கு சுமையாளர்கள் இறங்க முடியாமல் மேலேயே தங்கிவிட்டனர். உச்சி முயற்சியை ஒதுக்கிவைத்து, நார்ட்டனும் மல்லோரியும் சோமர்வெல்லும் அவர்களை மீட்கச் சென்றனர். மற்ற இருவரும் கயிற்றைப் பிடித்திருக்க, சோமர்வெல் ஒருவரே அந்த நம்பமுடியாத சரிவைக் குறுக்காகக் கடந்தார். சில கெஜம் எஞ்சியிருக்கையில் கயிறு தீர்ந்தது. இருவர் தாமாக வந்து சேர்ந்தனர். கடைசி இருவர் ஒன்றாகக் கிளம்பிச் சறுக்கினர். அவர் பனிக்கோடரியை ஊன்றி, தம் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து அதில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, எட்டி அவர்களின் கழுத்துப்பட்டியைப் பற்றி இழுத்தார். நால்வரும் உயிருடன் இறங்கினர். எவரெஸ்ட் வரலாற்றில் உயரங்களைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது இதுதான்.

அன்று பனிச்சரிவை முன்கூட்டியே கணித்துச் சொல்ல எவரும் இல்லை. இந்தியாவில் அதற்கான ஆய்வு அமைப்பு 1969-இல் மணாலியில் தொடங்கப்பட்டது. ஆனாலும் 2016 பிப்ரவரி 3-இல் சியாச்சினில் மதறாஸ் ரெஜிமென்ட் வீரர்கள் பத்துப் பேர் பனியில் புதைந்தனர். ஆறு நாள்களுக்குப் பின் உயிருடன் எடுக்கப்பட்ட ஒருவரும் மருத்துவமனையில் இறந்தார். பதின்மரில் ஒருவர் வேலூர் மாவட்டத்துக்காரர். ஆம்பூரும் அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது.

சோமர்வெல் நெய்யூரில் கால் நூற்றாண்டு உழைத்தார். தென் திருவிதாங்கூரில் பரவலாக இருந்த வயிற்றுப்புண்ணுக்கான அறுவை சிகிச்சையில் பெயர் பெற்றார். பிறகு வேலூர்; 1961-இல் ஓய்வு. இங்கிலாந்து திரும்பி, அங்குள்ள மலையேற்றச் சங்கமான ஆல்பைன் கிளப்பின் தலைவராக இருந்தார். 1975 ஜனவரியில் காலமானார். கேரள எல்லையில் காரக்கோணத்தில் அவர் பெயரால் ஒரு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது.