டானியல் ஓகானல்

ஜனங்களைக் கிளர்ச்சிக்கு அழைக்கும் தலைவன், அக்கிளர்ச்சியில் நேரும் உயிர்ச்சேதத்திற்கும் பொறுப்பாளியாவானோ? இவ்வினாவிற்குத் தம் வாழ்க்கையால் விடையளித்தவர், அயர்லாந்து தேசத்துப் பெருந்தலைவராய் விளங்கிய டானியல் ஓகானல் என்பார்.

இவர் 1775-ஆம் ஆண்டில் கெர்ரி என்னும் நாட்டுப்பகுதியில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்திற் பிறந்தார். பிரான்சு தேசத்திற் கல்வி பயின்றுகொண்டிருக்கையில் ஆங்கே புரட்சி மூண்டமையால், 1793-ஆம் ஆண்டில் அந்நாட்டைவிட்டு அகல நேர்ந்தது. விடுதலையின் பெயரால் நிகழ்ந்த கொலைகள் அவ்விளைஞருள்ளத்தில் ஆறாத வெறுப்பை விளைத்தன. பின்னர் டப்ளின் நகரில் வழக்கறிஞராகிப் பெரும்புகழ் எய்தினார்.

1815-ஆம் ஆண்டில் டெஸ்டெர் என்பவர் இவரைத் துப்பாக்கிச் சண்டைக்கு அழைத்தார். அக்கால வழக்கப்படி ஓகானலும் உடன்பட்டார். அவர் சுட்ட குண்டினால் டெஸ்டெர் மாண்டார். அழைத்தவன் அவனேயன்றோ என்று உலகம் ஓகானலைத் தேற்றிற்று. அவரோ தேறினாரல்லர். இறந்தவருடைய மகளுக்குத் தம் ஆயுள் முழுதும் உபகாரச் சம்பளம் அளித்துவந்தார்.

1823-ஆம் ஆண்டில் அவர் கத்தோலிக்கச் சங்கத்தை நிறுவினார். ஏழைகளும் மாதம் ஒரு பென்னி செலுத்தி அதிற் சேர்ந்தனர். 1828-ஆம் ஆண்டில் கிளேர் தொகுதியில் அவர் வெற்றிபெறவே, மறு ஆண்டிற் கத்தோலிக்கர் பார்லிமெண்டில் அமரும் உரிமையை அரசாங்கம் வழங்கிற்று. போரின்றியே அவ்வெற்றி கிட்டியது.

பின்னர் அயர்லாந்துக்குத் தனிப் பார்லிமெண்டு வேண்டி, 1843-ஆம் ஆண்டில் மாபெருங் கூட்டங்களைக் கூட்டினார். அக்டோபர் 8-ஆம் நாள் குளோண்டார்ப் என்னுமிடத்திற் கூடுவதாக இருந்த கூட்டத்தை, அதற்கு முதல்நாள் அரசாங்கம் தடுத்துப் படைகளை நிறுத்திற்று. ஜனங்களோ முன்னரே வழிநடக்கத் தொடங்கிவிட்டனர். இரத்தம் சிந்தின் பழி அரசாங்கத்தையே சாருமென்று அவர் வாளா இருந்திருக்கலாம். அங்ஙனமிராது, கூட்டத்தைக் கைவிட்டு, வழியெங்கும் ஆள்விடுத்து ஜனங்களைத் திருப்பியனுப்பினார். ஓருயிரும் மடியவில்லை.

எனினும் அவரை அரசாங்கம் 1844-ஆம் ஆண்டிற் சிறையிலிட்டது. பிரபுக்கள் சபையின் தீர்ப்பால் மூன்று திங்களில் விடுதலையானார். இளைஞர் பலர் அவரைக் கோழையென இகழ்ந்தனர். அன்று பணிந்தமையால் இயக்கம் தளர்ந்ததென்பதும் பொய்யன்று. 1847-ஆம் ஆண்டில், கொடும் பஞ்சத்தால் தம் நாடு வாடுங்காலத்து, எண்ணியது கைகூடாமலே இத்தாலி தேசத்து ஜெனோவா நகரில் உயிர் நீத்தார்.

மாணவ நண்பர்களே! தளர்ந்த இயக்கத்தைப் பின்வருவோர் மீண்டும் எழுப்பலாம். மாண்ட ஒருவனை அவன் மகளுக்கு மீட்டுக்கொடுக்க எத்தலைவனாலும் இயலாது. இவ்வுண்மையை ஓகானல் புத்தகத்திற் கற்றாரல்லர்.