தாம் அழைத்தவர்களோடு கடைசி வரை நின்றவர்: ரக்பி வீரர் எட்கர் மொப்ஸ்

மலேசியக் கிண்ணக் காற்பந்துப் போட்டியைத் தெரியாதவர்கள் தோட்டத்திலும் இல்லை, பட்டணத்திலும் இல்லை. அதன் கதை 1921ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அந்த ஆண்டு எச்.எம்.எஸ். மலாயா என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் நம் துறைமுகங்களுக்கு வந்தது. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு மாநிலங்களின் கூட்டமைப்பு பணம் கொடுத்துக் கட்டப்பட்ட கப்பல் அது. அந்தப் பணத்துக்கு ஆதாரமாக இருந்தவை ஈயமும் ரப்பரும். வந்த இடத்தில் கிடைத்த வரவேற்புக்கு நன்றியாகக் கப்பலில் இருந்தவர்கள் இரண்டு கிண்ணங்களைப் பரிசாகத் தந்தார்கள். ஒன்று காற்பந்துக்கு, மற்றது ரக்பிக்கு.

அதே 1921ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருக்கும் நார்தாம்ப்டன் நகரத்தில் வேறொரு ரக்பி ஆட்டம் தொடங்கியது. கிண்ணத்துக்காக அல்ல. போருக்குப் போய், உடல்கூடத் திரும்பி வராத ஒருவரின் நினைவாக அந்த ஆட்டம் நடந்தது. அவர் பெயர் எட்கர் மொப்ஸ்.

நூறு ஆண்டுகளைத் தாண்டியும் அந்த ஊர் அவரை மறக்கவில்லை. திறமையான ஆட்டக்காரர் என்பதற்காக மட்டும் அல்ல. தம்மை நம்பி வந்தவர்களை முன்னே அனுப்பிவிட்டுப் பின்னால் நிற்க அவருக்கு மனம் வரவில்லை. அதற்காகத்தான்.

சின்ன ஊர், சின்ன மன்றம்

மொப்ஸ் பிறந்தது 1882ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் தேதி, நார்தாம்ப்டனில். படித்தது பெட்ஃபர்ட் மாடர்ன் பள்ளியில். ஆனால் பெரியவர்களோடு அவர் ரக்பி ஆடிப் பழகியது ஓல்னி என்ற சிறிய ஊரின் மன்றத்தில். ஊஸ் ஆற்றங்கரையில் இருக்கும் அமைதியான ஊர் ஓல்னி. உலகமெங்கும் தேவாலயங்களில் பாடப்படும் 'அமேசிங் கிரேஸ்' பாடலை எழுதிய ஜான் நியூட்டன் பாதிரியாராக இருந்த ஊரும் அதுதான்.

ரக்பியில் ஓர் அணிக்கு 15 பேர். பந்து முட்டை வடிவில் இருக்கும். கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம், காலால் உதைக்கலாம். ஆனால் கையால் எறிந்தால் முன்னால் எறியக் கூடாது, பக்கவாட்டிலோ பின்னாலோதான் எறிய வேண்டும். பந்தோடு ஓடுபவரை எதிரணியினர் பிடித்துக் கீழே தள்ளலாம். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் அது 'ட்ரை'. இன்று அதற்கு 5 புள்ளிகள். மொப்ஸ் ஆடிய காலத்தில் 3 புள்ளிகள்தான்.

அணியின் ஓரத்தில் நின்று பந்தை வாங்கிக்கொண்டு ஓடும் 'விங்' ஆட்டக்காரர் மொப்ஸ். ஆறடிக்கும் மேல் உயரம். முழங்காலை மேலே தூக்கித் தூக்கி ஓடுவது அவருடைய பாணி. பிடிக்க வருபவரை நீட்டிய கையால் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். அந்தக் கைக்குப் பயந்தவர்கள் பலர்.

ஓல்னி போன்ற சிறிய மன்றங்களில் ஆடிக்கொண்டிருந்தவர், 1905ஆம் ஆண்டில் நார்தாம்ப்டன் அணிக்குப் போனார். இரண்டே ஆண்டுகளில், 1907இல், அணித் தலைவர் ஆனார். 1913இல் ஓய்வு பெறும்வரை அந்தப் பொறுப்பு அவரிடமே இருந்தது. அந்த அணிக்காக அவர் எடுத்த ட்ரைகள் 177.

சம்பளம் இல்லாத ஆட்டம்

இன்றைய இளைஞர்களுக்கு ஒரு விஷயம் வியப்பாக இருக்கலாம். மொப்ஸ் இவ்வளவும் ஆடியது ஒரு காசுகூட வாங்காமல். அவர் மட்டும் அல்ல, அன்று ரக்பி யூனியன் ஆட்டத்தில் எவரும் பணம் வாங்கக் கூடாது என்பது சட்டம். ஆட்டக்காரர் அனைவருக்கும் வேறு வேலை இருந்தது. மொப்ஸ் மோட்டார் வண்டி வியாபாரத்தில் இருந்தார்.

அந்தச் சட்டத்துக்கு ஒரு கசப்பான பக்கமும் உண்டு. இங்கிலாந்தின் வடபகுதி மன்றங்களில் சுரங்கத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் நிறைய ஆடினார்கள். சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும். போன கூலியையாவது ஈடுகட்டிக் கொடுங்கள் என்று மன்றங்கள் கேட்டன. தலைமைச் சங்கம் மறுத்தது. 1895ஆம் ஆண்டு ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் கூடிய வடபகுதி மன்றங்கள் பிரிந்து போய்த் தனிச் சங்கம் அமைத்தன. இன்றைய ரக்பி லீக் என்ற தனி ஆட்டம் அந்தப் பிரிவிலிருந்து வளர்ந்ததுதான். நாள் கூலியை நம்பி வாழ்ந்த குடும்பங்களைப் பார்த்த நமக்கு அந்தத் தொழிலாளர்களின் நியாயம் எளிதில் புரியும்.

நார்தாம்ப்டன் தெற்கே ரக்பி யூனியனோடு நின்றது. அது காலணித் தொழிலுக்குப் பேர்போன நகரம். வாரமெல்லாம் தோல் தைத்தவர்கள் சனிக்கிழமை பிற்பகலில் ஃபிராங்க்ளின்ஸ் கார்டன்ஸ் திடலுக்கு வந்து மொப்ஸின் ஓட்டத்தைப் பார்த்தார்கள். வசதியான குடும்பத்துப் பிள்ளையாக இருந்தாலும் அவர்களுக்கு அவர் நம்ம ஊர்ப் பையன்.

1909ஆம் ஆண்டு ஜனவரியில் இங்கிலாந்து அணியில் மொப்ஸ் முதன்முதலாக ஆடினார். எதிரணி, சுற்றுப்பயணம் வந்திருந்த ஆஸ்திரேலியா. இங்கிலாந்து 3-9 என்று தோற்றது. அந்த 3 புள்ளிகளும் மொப்ஸ் எடுத்த ட்ரைதான். அதே சுற்றுப்பயணத்தில், மொப்ஸ் தலைமை தாங்கிய மத்திய வட்டார அணி லெஸ்டர் நகரில் ஆஸ்திரேலியர்களைத் தோற்கடித்தது. இங்கிலாந்து மண்ணில் அவர்களை வென்ற ஒரே அணி அதுதான். நாட்டின் அணி செய்யாததை ஒரு வட்டார அணி செய்து காட்டியது.

மொத்தம் 7 முறை இங்கிலாந்துக்காக ஆடினார் மொப்ஸ். 1910ஆம் ஆண்டு பாரிசில் பிரான்சை எதிர்த்து ஆடிய ஆட்டத்தில் அணித் தலைவராக இருந்து வென்றார். அதுவே நாட்டுக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டம்.

வயதாகிவிட்டது என்றார்கள்

1914ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல் உலகப் போர் மூண்டது. ராணுவ அதிகாரியாகச் சேர மொப்ஸ் விண்ணப்பித்தார். அப்போது அவருக்கு வயது 32. வயது கூடுதல் என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அதோடு அவர் வீட்டுக்குப் போயிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். அதோடு, தம்மோடு வரும்படி ஊர் விளையாட்டாளர்களை அழைத்தார். சில நாள்களுக்குள் நூற்றுக்கணக்கானோர் திரண்டார்கள். அவர்களில் ஏறத்தாழ 250 பேர் தேர்வானார்கள். ரக்பி ஆட்டக்காரர்கள், மற்ற விளையாட்டுக்காரர்கள், அவருடைய ஆட்டத்தைப் பார்க்கத் திடலுக்கு வந்துகொண்டிருந்த இளைஞர்கள் எனப் பலரும் அதில் இருந்தனர். நார்தாம்ப்டன்ஷயர் ரெஜிமென்ட்டின் 7ஆவது பட்டாளத்தில் அவர்கள் ஒரு தனிக் கம்பெனியாக அமைந்தார்கள். 'மொப்ஸின் சொந்தப் படை' என்றே அதற்குப் பெயர் வந்தது.

அந்தப் பெயரில் பெருமையும் இருந்தது, பாரமும் இருந்தது. அரசாங்கம் கூப்பிட்டு வந்தவர்கள் வேறு, மொப்ஸ் கூப்பிட்டு வந்தவர்கள் வேறு. அவர்களின் தாய்மாருக்கும் மனைவிமாருக்கும் அவருடைய முகம் தெரியும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

தலைமை தாங்கும் பழக்கம் ராணுவத்திலும் உடனே தெரிந்தது. சார்ஜண்ட் ஆனார், பிறகு அதிகாரி ஆனார். வயதைக் காட்டி மறுத்த அதே ராணுவம் அவரை மேலே உயர்த்திக்கொண்டே போனது.

1915 செப்டம்பரில் பட்டாளம் பிரான்சுக்குப் போனது. போன மாதமே லூஸ் என்ற இடத்தில் நடந்த பெரும் சண்டையில் இறக்கப்பட்டது. போர்முனைப் பழக்கமே இல்லாத அந்தப் பிள்ளைகள் கடும் இழப்பைச் சந்தித்தார்கள். சேர்ந்து வந்தவர்களில் பலர் திரும்பவில்லை. 1916இல் மொப்ஸ் லெப்டினன்ட் கர்னல் பதவியோடு முழுப் பட்டாளத்துக்கும் தலைவர் ஆனார். சிப்பாயாகச் சேர்ந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. அதே ஆண்டு சோம் போர்க்களத்தில் காயம்பட்டார். குணமானதும் பட்டாளத்துக்கே திரும்பினார். 1917இல் டி.எஸ்.ஓ. என்ற வீர விருது கிடைத்தது. அதன் பின்னும் காயம்பட்டார், அப்போதும் திரும்பி வந்தார்.

ஜூலை 31

1917ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் தேதி பெல்ஜியத்தில் மூன்றாவது ஈப்ர் போர் தொடங்கியது. பாசன்டேல் என்ற பெயரில் உலகம் நினைவில் வைத்திருக்கும் அந்தச் சேற்றுப் போரின் முதல் நாள் அது. மொப்ஸின் பட்டாளம் சில்லபேக் ஊருக்கு அருகே முன்னேற வேண்டியிருந்தது.

பட்டாளத் தலைவரின் இடம் பின்னால் இருக்கும் தலைமையகம். அங்கிருந்துதான் உத்தரவு போடுவார்கள். ஆனால் முன்னால் போனவர்கள் எந்திரத் துப்பாக்கிச் சூட்டில் சிக்கி விழுந்துகொண்டிருந்தார்கள். தகவல் சரியாக வரவில்லை. மொப்ஸ் எழுந்து முன்வரிசைக்கே போனார். தடையாக இருந்த எந்திரத் துப்பாக்கி நிலையை நோக்கிப் பாய்ந்தார். கழுத்தில் குண்டு பட்டது.

விழுந்தவர் உயிர் இருந்தபோதே ஒரு தாளில் அந்தத் துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று வரைபடக் குறிப்போடு எழுதித் தலைமையகத்துக்குக் கொடுத்தனுப்பினார். பின்னால் வருபவர்கள் அதே குண்டுக்குப் பலியாகக் கூடாது என்பதுதான் அவருடைய கடைசிக் கவலை. அப்போது அவருக்கு வயது 35.

அன்று தொடங்கிய மழை நாள்கணக்கில் பெய்தது. அவருடைய உடல் கிடைக்கவே இல்லை. ஈப்ர் நகரில் இருக்கும் மெனின் வாயில் நினைவுச் சின்னத்தில், கல்லறை இல்லாத 54,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் செதுக்கப்பட்டுள்ளன. மொப்ஸின் பெயரும் அங்கே இருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியப் படையில் போய் மாண்டவர்களின் பெயர்களும் அதே சுவர்களில் உள்ளன.

ஊர் செய்த கைம்மாறு

உடல் இல்லை, கல்லறை இல்லை. எனவே நார்தாம்ப்டன் மக்கள் தங்கள் ஊரிலேயே அவருக்கு ஓர் இடம் அமைத்தார்கள். 1921ஆம் ஆண்டு சந்தைச் சதுக்கத்தில் அவருடைய மார்பளவுச் சிலையோடு நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. அதில் ஒரு பக்கம் ரக்பி ஆட்டக் காட்சியும் மறுபக்கம் போர்க்களக் காட்சியும் செதுக்கப்பட்டுள்ளன. பின்னர் அது அபிங்டன் சதுக்கத்துக்கு மாற்றப்பட்டது. நகரத்தில் ஒரு சாலைக்கும் அவர் பெயர் உண்டு.

அதே 1921ஆம் ஆண்டு பிப்ரவரியில் முதல் நினைவு ஆட்டம் ஃபிராங்க்ளின்ஸ் கார்டன்ஸ் திடலில் நடந்தது. ஒரு பக்கம் அழைப்பின்பேரில் பல மன்றங்களிலிருந்தும் ஆட்டக்காரர்கள் சேர்ந்து ஆடும் பார்பேரியன்ஸ் அணி. மொப்ஸும் ஒரு காலத்தில் அதில் ஆடியவர். மறுபக்கம் அவருடைய கிழக்கு மத்திய வட்டார அணி. இரண்டாம் உலகப் போர்க் காலம் தவிர, 2011 வரை இந்த இரு அணிகளும் ஆண்டுதோறும் மோதின. 2012 முதல் பிரிட்டிஷ் ராணுவ அணி ஒரு பக்கம் ஆடுகிறது. நார்தாம்ப்டனும் பெட்ஃபர்டும் மாறி மாறி ஆட்டத்தை நடத்துகின்றன.

ரக்பி உலகம் இதற்கிடையில் மாறிவிட்டது. 1987இல் இங்கிலாந்து முழுவதும் படிப்படியான லீக் முறை வந்தது. 1995இல் ஆட்டக்காரர்கள் பணம் வாங்கலாம் என்று ஆனது. நூறு ஆண்டுகளுக்கு முன் வடபகுதித் தொழிலாளர்கள் கேட்டது அப்போதுதான் கிடைத்தது. நார்தாம்ப்டன் இன்று சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர்களைக் கொண்ட பெரிய அணி.

மொப்ஸ் ஆட்டம் பழகிய ஓல்னி மன்றமும் இன்னும் இருக்கிறது. லீக் படிக்கட்டின் கீழ்நிலையில், அக்கம்பக்கத்து ஊர்களோடு மோதும் வட்டாரப் பிரிவுகளில்தான் அது ஆடி வந்திருக்கிறது. அங்கே பெரும் சம்பளமும் இல்லை, தொலைக்காட்சி வெளிச்சமும் இல்லை. வாரமெல்லாம் வேலை பார்த்துவிட்டு, சனிக்கிழமை பிற்பகலில் காலணியை மாட்டிக்கொண்டு திடலுக்கு வருகிறார்கள். எட்கர் மொப்ஸும் அங்கே அப்படித்தான் தொடங்கினார்.