கான்கார்டு ஆசிரியையும் ஊர் அழுத கண்ணீரும்

ஜனவரி கடைசி வாரம் வந்தாலே விண்வெளித் துறையினருக்குத் துக்க வாரம். 1967 ஜனவரி 27 அன்று அப்பல்லோ 1 கலம் தரையிலேயே தீப்பிடித்து மூவர் மாண்டனர். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்ணோடம் சிதறி எழுவர். 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்ணோடத்தில் கல்பனா சாவ்லா உட்பட எழுவர். இவர்களுள் சேலஞ்சரில் சென்ற ஆசிரியை கிறிஸ்டா மெக்காலிஃபை இன்று நினைவுகூர்வோம்.

1948 செப்டம்பர் 2 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். கோரிகன் தம்பதியரின் ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். ஃப்ரேமிங்ஹாம் நகரின் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியில் படித்தார். அங்கே உடன் படித்த ஸ்டீவன் மெக்காலிஃபையே 1970இல் மணந்தார். ஒரு மகன், ஒரு மகள். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத் தலைநகரான கான்கார்டில் குடியேறி, 1983 முதல் அங்குள்ள உயர்நிலைப் பள்ளியில் சமூகவியல் கற்பித்தார். மறைக்கல்வி வகுப்பும் எடுத்தார். நம் பங்குகளில் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைக்கும் ஆசிரியைகளைப் போல ஒருவர் என்று எண்ணிக்கொள்ளலாம்.

அரசர்களையும் போர்களையும் விட, சாதாரண மக்கள் எழுதிவைத்த நாட்குறிப்புகளிலும் கடிதங்களிலும்தான் வரலாறு இருக்கிறது என்பது அவரது எண்ணம். விண்ணுக்கு ஓர் ஆசிரியரை அனுப்பப் போவதாக நாசா அறிவித்தபோது 11,000க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். 1985 ஜூலையில் கிறிஸ்டா தேர்ந்தெடுக்கப்பட்டார். பயணத்தில் நாட்குறிப்பு எழுதவும், அங்கிருந்தே பள்ளிப் பிள்ளைகளுக்கு இரண்டு பாடங்கள் நடத்தவும் திட்டமிட்டிருந்தார்.

புறப்பாடு பலமுறை தள்ளிப்போனது. முந்திய இரவு கடுங்குளிர். ராக்கெட்டின் இணைப்புகளில் உள்ள ரப்பர் வளையங்கள் குளிரில் விறைத்துவிடும் என்று பொறியாளர்கள் எச்சரித்தும் மேலிடத்தார் கேட்கவில்லை. புறப்பட்ட 73ஆம் வினாடியில் எல்லாம் முடிந்தது. பார்வையாளர் மேடையில் நின்ற அவருடைய பெற்றோரின் முகங்களைத் தொலைக்காட்சிக் கேமராக்கள் பிடித்துக்கொண்டிருந்தன. நடந்தது இன்னதென்று இன்னும் விளங்காத அந்த முகங்களை, அன்றும் பிறகு பல ஆண்டுகளும் உலகம் திரும்பத் திரும்பப் பார்த்தது. ஒன்பது வயது மகனின் வகுப்புத் தோழர்களும் அங்கேதான் இருந்தனர். கான்கார்டுப் பள்ளியில் மாணவர்கள் கொண்டாட்டத் தொப்பிகளோடு தொலைக்காட்சி முன் கூடியிருந்தனர்.

அதிபர் ரீகன் அன்றிரவு நாடாளுமன்றத்தில் ஆற்றவிருந்த ஆண்டு உரையைத் தள்ளிவைத்து, மக்களுக்கு ஆறுதல் கூறினார். பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே தனியாகச் சில சொற்கள் பேசினார். ஜனவரி 31 அன்று ஹூஸ்டனில் நினைவுக் கூட்டம் நடந்தது. பனிப்போர்க் காலமாயிருந்தும் சோவியத் தலைவர் கோர்பச்சேவ் இரங்கல் செய்தி அனுப்பினார். (அந்த நாட்களில்தான் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் நம் நாட்டுக்கு வந்தார், பிப்ரவரி 5 அன்று சென்னையில் இருந்தார். நம் வயதொத்தவர்களுக்கு அந்த வாரம் என்றால் அதுவே நினைவில் நிற்கிறது.) கான்கார்டின் ஆலயங்கள் நிரம்பின. கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்தன. சாதாரண மனிதரின் கடிதங்களே வரலாறு என்று கற்பித்தவருக்கு அவ்வளவு கடிதங்கள்!

அந்தச் சிற்றூரின் தெருக்களில் செய்தியாளர்கள் மொய்த்தனர். அழுகிற மாணவரைத் தேடித் தேடிப் படம் எடுத்தனர். சில வாரங்களுக்குள் இறந்தவர்களைப் பற்றிய கொடூரமான நகைச்சுவைத் துணுக்குகளும் நாடெங்கும் உலவின. ஊர் அழும் கண்ணீர் உண்மையானதுதான். ஆனால் அது சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. வீட்டார் கண்ணீர் அப்படியல்ல.

ஸ்டீவன் மெக்காலிஃப் தம் பிள்ளைகளை அந்த வெளிச்சத்திலிருந்து விலக்கியே வைத்தார். மனைவியைச் சொந்த ஊர்க் கல்லறையில் அமைதியாக அடக்கம் செய்தார். வழக்கறிஞராகத் தொடர்ந்து, 1992இல் நீதிபதியானார். மனைவியைப் பற்றிப் பொதுவில் மிக அரிதாகவே பேசினார். தாய் கிரேஸ் கோரிகனோ வேறு வழி சென்றார். பள்ளி பள்ளியாகப் போய் மகளைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசினார், 1993இல் புத்தகமும் எழுதினார். 2018இல் இறக்கும்வரை அதுவே அவர் பணி. ஒருவர் பேசாமல் துக்கித்தார், ஒருவர் பேசிப் பேசித் துக்கித்தார். இவற்றில் எது சரி என்று கேட்பது நம் வேலையல்ல என்றே நாம் நினைக்கிறோம்.

துக்க வீட்டில் நாம் செய்வதையும் கொஞ்சம் யோசிக்கலாம். அருட்பணியாளர்களான நாமே அடக்கத் திருப்பலியில் தேவைக்கு மேல் பேசிவிடுகிறோம். வந்தவர்களோ எப்படி நடந்தது, எத்தனை மணிக்கு என்று வீட்டாரிடம் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஒன்றும் கேட்காமல் வந்து, பக்கத்தில் பாயில் உட்கார்ந்துவிட்டு, அடுப்படியில் வேலை பார்த்துவிட்டுப் போகும் பாட்டிமார் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள்.

கிறிஸ்டா பெயரால் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு நிதி உருவானது. ஆசிரியர் ஒருவர் ஓராண்டு விடுப்பில் தாம் விரும்பும் கல்விப் பணியில் ஈடுபட அது உதவுகிறது. அவருக்கு மாற்றாகப் பயிற்சி பெற்றிருந்த ஆசிரியை பார்பரா மார்கன் 2007இல் விண்ணுக்குச் சென்று திரும்பினார். கிறிஸ்டா நடத்தவிருந்த பாடங்களில் சிலவற்றை 2018இல், ஆசிரியர்களாக இருந்து விண்வெளி வீரர்களான இருவர் விண்வெளி நிலையத்திலிருந்து படமாக்கி அனுப்பினர். 2024 செப்டம்பர் 2 அன்று கான்கார்டின் மாநில அரசு மாளிகை வளாகத்தில் அவருக்கு வெண்கலச் சிலை திறக்கப்பட்டது. இருந்திருந்தால் அன்று அவருக்கு 76 வயது நிறைந்திருக்கும்.