அர்ச். தேவ அருளப்பர்

வீட்டில் ஒருவருக்குப் புத்தி பேதலித்தால், ராஜபாளையமானாலும் ஸ்ரீவில்லிபுத்தூரானாலும், கட்டிப்போடத்தான் முதலில் தோன்றும். நம் பழைய இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்த ஏர்வாடியில் 2001-ல் சங்கிலியோடு தீயில் மாண்ட 28 பேரை மறந்திருக்க மாட்டீர்கள்.

தேவ அருளப்பரும் ஒருகாலத்தில் அப்படிக் கட்டுண்டவரே. 1495-ல் போர்த்துக்கலில் பிறந்து, ஆடு மேய்த்து, போர்ச்சேவகம் செய்து, ஸ்பெயினிலுள்ள கிரனாதா நகரில் புத்தகம் விற்றுவந்தார். அவிலா அருளப்பரின் பிரசங்கம் கேட்டு, தம் பாவங்களை எண்ணி வீதியில் கதறினார். பித்தனென்று ஆஸ்பத்திரியில் அடைத்தார்கள். சவுக்கடியே அக்கால வைத்தியம். அது யாரைத்தான் குணமாக்கும்! அவிலா அருளப்பர் வந்து, அன்போடு பேசித் தேற்றிய பிறகே மனம் தெளிந்தது. தெளிந்தவர், கூட இருந்த நோயாளிகளுக்கு அங்கேயே பணிவிடை செய்தார். பின்பு தாமே ஓர் ஆஸ்பத்திரி தொடங்கி, தெருத்தெருவாய்ப் பிச்சையெடுத்து நடத்தினார். 1550 மார்ச் 8-ல் முழந்தாளிட்டபடியே மரித்தார்.