வந்த வழியை அடைத்த டாக்டர்

சீரங்கம் தந்த டாக்டர் டி. எஸ். எஸ். ராஜனைக் காங்கிரசுக்காரர் என்றே நாடு அறியும். 1930இல் வேதாரணியத்துக்கு உப்புப் படை புறப்பட்டது, திருச்சியில் அவர் இல்லத்திலிருந்துதான். அவர் முகாம் வேறு, நம் முகாம் வேறு, இருக்கட்டும். டாக்டரை மருத்துவம் கொண்டே எடைபோடுவோம்.

1880இல் பிறந்தவர். இராயபுரம் மருத்துவப் பள்ளியில் படித்தார், பர்மா சென்றார், பின்னர் இலண்டன் ஏகி எம்.ஆர்.சி.எஸ். பெற்றார். இராயபுரம் அன்று கல்லூரி அல்ல, தோழர்களே! எல்.எம்.பி. எனும் குறுகிய படிப்புதான் அங்கே. பட்டப்படிப்புக்குப் பணமில்லாத வீட்டுப் பிள்ளையும் டாக்டராக அதுவே வழி.

1937இல் இராஜாஜி அமைச்சரவையில் ராஜன் சுகாதார அமைச்சர். மறு ஆண்டே இராயபுரம் பள்ளி ஸ்டான்லி கல்லூரியாயிற்று, மாகாணத்தில் எல்.எம்.பி.க்கு முடிவு கட்டப்பட்டது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையாரின் பெண்கள் பள்ளி, கல்லூரியாக உயர நிதி தேடி அலைந்தது. ஏழைக்கு அரை டாக்டர், செல்வனுக்கு முழு டாக்டர் என்ற பேதம் ஒழிய வேண்டியதே, நமக்கும் உடன்பாடே! ஆனால் அடைக்குமுன் ஆளை எண்ணினார்களா? 1946இல் ஜோசப் போர் குழு எண்ணியது: ஏறத்தாழ 6,300 பேருக்கு ஒரு டாக்டர், 43,000 பேருக்கு ஒரு நர்சு!

1953இல் ராஜன் மறைந்தார். தஞ்சை முந்திக்கொண்டது, மலைக்கோட்டை நகருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 1990களின் இறுதியில்.