உடலைத் தமிழில் அறியவைத்த வைத்தியர்

வைத்தியசாலைக்குச் செல்லும் எம்மவர்களின் உயரத்தையும் நிறையையும் அளந்து, கிளினிக் கொப்பியில் ஓர் இலக்கத்தைக் குறித்துக் கொடுப்பது இன்று வழமையாகிவிட்டது. உடற்திணிவுச் சுட்டி என்பது அதன் பெயர். அந்த இலக்கம் எதைச் சொல்கின்றது என்று கேட்டால் பலர் விடையின்றி நிற்கின்றனர். தன் உடலைப் பற்றிய செய்தி தனக்கே விளங்காத இந்நிலையை ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே பெருங்குறையாகக் கண்டவர் ஒருவர் எமது குடாநாட்டில் வாழ்ந்தார். அவர்தான் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்ரர் நகரில் 1822ஆம் ஆண்டு ஒக்டோபர் 10ஆம் திகதி பிறந்த கிறீன், 1845இல் நியூயோர்க்கில் வைத்தியப் பட்டம் பெற்றார். அமெரிக்க மிஷனின் வைத்தியராக 1847இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அவருக்கு முன்னரே, 1820 முதல் பண்டத்தரிப்பில் வைத்தியர் ஜோன் ஸ்கடர் மேலைத்தேய வைத்தியத்தை ஆரம்பித்திருந்தார். வட்டுக்கோட்டையில் சிறிது காலம் தங்கிய கிறீன், 1848இல் மானிப்பாயைத் தமது நிலைக்களமாக்கி, அவ்வாண்டிலேயே உள்ளூர் மாணவர்களுக்கு வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார்.

அவர் மதப் பணிக்காக வந்தவர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், மதம் மாறியவர்கள் தமது உடையையும் பழக்கவழக்கங்களையும் மேலைநாட்டாரைப்போல் மாற்றிக்கொள்வதை அவர் விரும்பவில்லை. தமிழைக் கற்று, தமிழிலேயே நோயாளருடன் பேசினார். வாந்திபேதியும் அம்மையும் ஊர்களைச் சூறையாடிய அக்காலத்தில், சிகிச்சையோடு நின்றுவிடாமல், தடுக்கும் வழிகளையும் மக்களுக்கு எடுத்துரைத்தார்.

ஆங்கிலத்தில் பயின்ற மாணவர்கள் பலர் அரச உத்தியோகம் தேடி வெளியிடங்களுக்குச் சென்றமையையும் அவர் கண்டார். தமிழில் பயின்ற வைத்தியனே தன் ஊரில் தங்கி, தன் மக்களுக்கு விளங்கும் மொழியில் பேசுவான் என்பது அவரது முடிவு. 1862இல் தாயகத்திலிருந்து மீண்டும் யாழ்ப்பாணம் வந்தபின், வைத்தியக் கல்வியைத் தமிழுக்கு மாற்றினார். அவரிடம் பயின்று வைத்தியரானோர் அறுபதுக்கும் மேற்பட்டோர்.

கற்பிக்க நூல்கள் வேண்டும். நூல்களுக்குச் சொற்கள் வேண்டும். இரண்டையும் தமது மாணவர்களின் துணையோடு உருவாக்கினார். உடலின் அமைப்புக்கு அங்காதிபாதம், அதன் தொழிற்பாட்டுக்குச் சுகரணம் என்று பெயரிட்டு நூல்கள் எழுந்தன. பிரசவ வைத்தியம், இரணவைத்தியம், வைத்தியாகரம், மனுஷ அங்காதிபாதம் என அவற்றின் வரிசை நீண்டது. 1873இல் நாடு திரும்பிய பின்னரும் அவர் ஓயவில்லை. கெமிஸ்தம் என்ற இரசாயன நூல் 1875இல் வெளிவந்தது. மனுஷ சுகரணம் வெளிவந்த 1883ஆம் ஆண்டுக்கு மறு ஆண்டு, 1884 மே 28ஆம் திகதி அவர் காலமானார். வூஸ்ரரிலுள்ள அவரது கல்லறையில், தமிழருக்குப் பணியாற்றிய வைத்தியர் என்பது பொறிக்கப்பட்டுள்ளது.

அவர் சென்றபின் தமிழ்வழி வைத்தியக் கல்வி நீடிக்கவில்லை. அந்த இழப்பின் விளைவைத்தான் இன்று கிளினிக் வாசலில் காண்கின்றோம்.

உடற்திணிவுச் சுட்டி கிறீனின் நூல்களுக்கு உரியதன்று. அவரது காலத்தவரான பெல்ஜிய நாட்டறிஞர் அடோல்ப் கெற்றலே, வளர்ந்தோரின் நிறை உயரத்தின் வர்க்கத்தை ஒட்டி அமைவதை 1830களில் கண்டறிந்தார். 1972இல் அன்செல் கீஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் அதற்கு இன்றைய பெயரை இட்டார். கணக்கு எளிது. கிலோகிராமிலுள்ள நிறையை, மீற்றரிலுள்ள உயரத்தால் இருமுறை வகுக்க வேண்டும். 160 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒருவர் 61 கிலோ இருப்பின் அவரது சுட்டி 23.8 ஆகும்.

சர்வதேச அளவுகோலில் 18.5 முதல் 25க்கு உட்பட்டது ஆரோக்கியமான நிறை. அதன்படி மேற்சொன்னவருக்குக் குறையில்லை. ஆனால் ஆசிய மக்களின் உடலில் அதே சுட்டிக்குக் கொழுப்பு கூடுதலாக இருப்பதாலும், நீரிழிவும் இதயநோயும் முன்னதாகவே தலைகாட்டுவதாலும், 23ஐத் தாண்டும்போதே விழிப்புக் கொள்ள வேண்டும் என உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சுட்டிக்காட்டியது. 160 சென்ரிமீற்றர் உயரமுள்ளவருக்கு 23 என்ற எல்லை ஏறத்தாழ 59 கிலோவில் வருகின்றது. 47 கிலோவுக்குக் கீழ் இறங்குவதும் நலமன்று.

இச்சுட்டிக்கும் எல்லை உண்டு. தசையையும் கொழுப்பையும் அது பிரித்தறியாது. கர்ப்பிணிகளுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் இக்கணக்கு அப்படியே பொருந்தாது. எனவே வயிற்றின் சுற்றளவையும் சேர்த்து நோக்க வேண்டும். தென்னாசிய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் என்பன எச்சரிக்கை எல்லைகளாகக் கொள்ளப்படுகின்றன.

உணவுப் பொருட்கள் தடைப்பட்டிருந்த போர்க்காலத்தில் மெலிவே எமது கவலையாக இருந்தது. உடல் பெருத்தலைச் செழிப்பின் அடையாளமாக எண்ணும் வழக்கமும் எம்மிடம் நெடுங்காலமாக உண்டு. காலம் மாறிவிட்டது. சைக்கிள் மிதித்த கால்கள் மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டன. சோறும் மாப்பண்டமும் குறையவில்லை. இந்த மாற்றத்தை எம்மவர்க்கு உணர்த்த, வைத்தியர் குறிக்கும் இலக்கம் மாத்திரம் போதாது. அதன் பொருளும் தமிழில் சொல்லப்பட வேண்டும்.

மானிப்பாயில் கிறீன் நினைவு வைத்தியசாலை இன்றும் அவரது பெயரைத் தாங்கி நிற்கின்றது. கடல் கடந்து வந்த ஒருவர் எமது மொழியில் எமது உடலை விளக்கப் பாடுபட்டார். இலக்கத்தைக் குறித்துக் கொடுப்போர் இரண்டு நிமிடம் ஒதுக்கி அதை விளக்குவதும், பெற்றுக்கொள்வோர் கூச்சமின்றிக் கேட்டறிவதும் அப்பெருமகனுக்கு நாம் செலுத்தக்கூடிய உண்மையான நன்றிக்கடனாகும்.