பலூன் பையில் தொடங்கிய டயர் கதை!

குட்டீஸ்... சைக்கிள் கடையில் வரிசையாக டயர்கள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். எல்லாமே கறுப்பு, எல்லாமே வட்டம். ஆனால், விலையைக் கேட்டுப் பாருங்கள். மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கும்! அதிலும், பெரிய பெரிய பட்டன் வைத்த 'மவுன்டன் பைக்' டயர் என்றால் கேட்கவே வேண்டாம். ஒரே அளவு டயர்தான். ஒன்றைப்போல் மற்றொன்று பல மடங்கு விலை சொல்லும்.

விலை அதிகம் என்றால் உழைப்பும் அதிகமாக இருக்குமா? விலை குறைந்த டயர் மட்டமானதா?

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூர் பக்கம் இருக்கும் வாசகர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு சேலைகளில் ஒன்று சில ஆயிரம். மற்றது பல ஆயிரம். காரணம், பட்டிலும் ஜரிகையிலும் ஒளிந்திருக்கிறது. மேலாகப் பார்த்தால் தெரியாது. டயரும் அப்படித்தான். அதன் தரம் உள்ளே ஒளிந்திருக்கிறது.

அந்த ரகசியத்தைத் தேடிப் பிடித்து, வெளிநாட்டு நிறுவனங்களோடு போட்டி போட்டு ஜெயித்த ஒருவரைப் பற்றித்தான் இப்போது தெரிந்து கொள்ளப் போகிறீர்கள். அவர் பெயர் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை.

மாமனா, மாப்பிள்ளையா என்று சிரிக்காதீர்கள். 'மாம்மன்' என்பது அவர் பெயர். 'மாப்பிள்ளை' என்பது கேரளத்தின் பழமையான கிறிஸ்தவக் குடும்பங்களில் பெயரோடு சேர்த்து வழங்கும் மரியாதைப் பட்டம். சச்சின் டெண்டுல்கரின் மட்டையில் எம்.ஆர்.எப். என்ற மூன்று எழுத்துகள் இருந்ததே, அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர் இவர்தான்.

தரையில் படுத்த மாணவர்

மாம்மன், 1922ம் ஆண்டு நவம்பர் 28ம் தேதி பிறந்தார். வசதிக்குக் குறைவே இல்லாத பெரிய குடும்பம். அப்பா கே.சி. மாம்மன் மாப்பிள்ளை, 'மலையாள மனோரமா' பத்திரிகையின் ஆசிரியர். ஒரு பெரிய வங்கியையும் நடத்தி வந்தார்.

1938ல் அந்தக் குடும்பத்தின் மீது இடி விழுந்தது. திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் திவானுக்கும் அவருடைய அப்பாவுக்கும் பகை முற்றியது. வங்கி மூடப்பட்டது. பத்திரிகை அலுவலகத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். சொத்துகள் கையை விட்டுப் போயின. அப்பாவைச் சிறையில் அடைத்தார்கள். அப்போது மாம்மனுக்கு வயது 15. உங்கள் அண்ணன், அக்காவின் வயதுதான்!

நேற்று வரை செல்வந்தர் வீட்டுப் பிள்ளை. இன்று கையில் காசில்லை. ஆனாலும், படிப்பை விடவில்லை. சென்னை தாம்பரத்தில் உள்ள கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்தார். வசதியில்லாத அந்த நாட்களில், கல்லூரியின் செயின்ட் தாமஸ் விடுதியில் தரையில் படுத்துத் தூங்கினார். பட்டம் பெற்ற பிறகு குஞ்ஞம்மா என்பவரைத் திருமணம் செய்து கொண்டார். தொழில் தொடங்க வேண்டும் என்ற எண்ணம் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. பெரிய தொழிலுக்குப் பெரிய முதல் வேண்டுமே... எங்கே போவது?

பை நிறைய பலூன்!

1946ல், சென்னை திருவொற்றியூரில் ஒரு சின்னக் கொட்டகை போட்டார். அங்கே என்ன செய்தார் தெரியுமா? நீங்கள் பிறந்த நாளுக்கு ஊதிக் கட்டுகிறீர்களே, அந்த பலூன்!

ரப்பர் மரத்தில் இருந்து வடியும் பாலில் அச்சை முக்கி எடுத்து, உலர வைத்து, சூடுபடுத்தினால் பலூன் தயார். கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறதா? பாலின் பக்குவம் கொஞ்சம் தவறினாலும், ஊதும்போதே 'டப்' என்று வெடித்து விடும். வெடிக்கிற பலூனை எந்தக் கடைக்காரரும் இரண்டாவது முறை வாங்க மாட்டார். எனவே, ரப்பரின் குணத்தை அணு அணுவாகப் படிக்க வேண்டியிருந்தது. பின்னாளில் டயர் செய்ய உதவிய முதல் பாடம் அதுதான்.

செய்த பலூன்களை விற்க ஆள் வைத்துக் கொள்ள வசதியில்லை. பட்டதாரியான அவரே, பலூன்களைப் பையில் போட்டுக்கொண்டு சென்னைத் தெருக்களில் கடை கடையாக ஏறி இறங்கினார். அதற்காக அவர் வெட்கப்படவில்லை. எந்தப் பொருள் விற்கிறது, எது திரும்பி வருகிறது என்பதை நேரில் பார்த்துக் கற்றுக்கொண்டார். 1949ல் தம்பு செட்டித் தெருவில் அலுவலகம் திறந்தார். ரப்பர் பொம்மை, கையுறை என்று தொழில் மெல்ல வளர்ந்தது.

மொட்டை டயருக்கு மறுவாழ்வு

1952ல் அவர் வாழ்க்கை திசை மாறியது. உறவினர் ஒருவர், பழைய டயர்களுக்கு 'ரீட்ரேடிங்' செய்யும் பட்டறை நடத்தி வந்தார்.

அது என்ன ரீட்ரேடிங்? லாரி டயர் ஓடி ஓடி, மேலே உள்ள பட்டன் தேய்ந்து மொட்டையாகி விடும். ஆனால், உள்ளே இருக்கும் நூல் அடுக்குகள் நன்றாகவே இருக்கும். தேய்ந்த மேல்பகுதியை உரசி எடுத்துவிட்டு, புதிய ரப்பர் பட்டையை ஒட்டி, அச்சில் வைத்துச் சூடேற்றினால் டயர் மறுபடியும் ஓடத் தயாராகி விடும். அந்தப் பட்டைக்குப் பெயர்தான் 'ட்ரெட் ரப்பர்'. புது டயர் வாங்கப் பணமில்லாத லாரிக்காரர்களுக்கு இது பெரிய வரம்.

அந்த ட்ரெட் ரப்பர், வெளிநாட்டு நிறுவனத்திடம் இருந்து வந்ததை மாம்மன் கவனித்தார். ரப்பர் மரம் வளர்வது நம் கேரளத்தில். பாடுபடுவது நம் மக்கள். பட்டையை மட்டும் வெளிநாட்டுக்காரர்களிடம் ஏன் வாங்க வேண்டும்? நாமே செய்தால் என்ன? இந்த எண்ணம் அவரைத் தூங்க விடவில்லை. பலூன் தொழிலில் சேர்த்த பணத்தை எல்லாம் இதில் போட்டார்.

இதில் ஒரு பெரிய ஆபத்து இருந்தது குட்டீஸ். பலூன் வெடித்தால் குழந்தை கொஞ்ச நேரம் அழும், அவ்வளவுதான். ஓடும் லாரியில் ட்ரெட் ரப்பர் உரிந்து வந்தால், உயிரே போய்விடும். உள்ளூர்ச் சரக்கு, மலிவுச் சரக்கு என்பதற்காக எந்த டிரைவரும் தன் உயிரைப் பணயம் வைக்க மாட்டார். வெளிநாட்டுப் பட்டைக்கு இணையாகத் தரம் இருந்தால்தான் பிழைக்க முடியும்.

அவர் தரத்தை விட்டுக் கொடுக்கவில்லை. பலன் என்ன தெரியுமா? நான்கே ஆண்டுகளில், 1956ல், இந்தியாவில் விற்ற ட்ரெட் ரப்பரில் ஏறத்தாழ பாதி எம்.ஆர்.எப். தயாரித்ததாக இருந்தது! போட்டி போட முடியாமல் வெளிநாட்டு நிறுவனங்கள் சில, இந்தத் தொழிலையே விட்டு விலகின. எம்.ஆர்.எப். என்பதன் விரிவாக்கம் தெரியும்தானே? மெட்ராஸ் ரப்பர் பேக்டரி!

அமெரிக்க நுட்பமும் நம் ஊர்ப் பள்ளமும்

இத்தோடு நிம்மதியாக உட்கார்ந்திருக்கலாம். ஆனால், 1961ல் முழு டயர் தயாரிப்பில் இறங்கினார். அப்போது இந்தியாவில் டயர் என்றால் டன்லப், பயர்ஸ்டோன் போன்ற வெளிநாட்டுப் பெயர்கள்தான். யானைகளுக்கு நடுவே ஆட்டுக்குட்டி நுழைந்த மாதிரி! அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்தைச் சேர்ந்த மேன்ஸ்பீல்டு என்ற நிறுவனத்திடம் தொழில்நுட்பம் வாங்கினார்.

அமெரிக்கத் தொழில்நுட்பம், விலை கொடுத்து வாங்கியது. டயர் பிரமாதமாக ஓடியிருக்க வேண்டும் அல்லவா? அங்கேதான் சிக்கல் வந்தது. அந்த நுட்பம் அமெரிக்கச் சாலைகளை மனதில் வைத்து உருவானது. நம் ஊரிலோ குண்டும் குழியுமான சாலை, கொளுத்தும் வெயில், அளவுக்கு மேல் சுமை ஏற்றிய லாரி! அந்த நுட்பம் நம் சாலைகளுக்குச் சரிப்பட்டு வரவில்லை.

விலை உயர்ந்தது என்பதாலேயே ஒரு பொருள் நமக்குப் பொருந்திவிடாது என்பதை மாம்மன் உணர்ந்தார். நம் சாலைக்கு ஏற்ற டயரை நாமே ஆராய்ந்து செய்ய வேண்டும் என்று முடிவெடுத்தார். திருவொற்றியூரில் ரப்பர் ஆராய்ச்சி மையம் தொடங்க ஏற்பாடு ஆனது. 1963ல் பிரதமர் ஜவகர்லால் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார்.

டயரை நன்றாகச் செய்தால் மட்டும் போதுமா? மக்கள் நம்ப வேண்டுமே! விளம்பர நிபுணர் அலிக் பதம்சியிடம் அந்தப் பொறுப்பு போனது. அவர் நேராக லாரி டிரைவர்களிடம் போய்ப் பேசினார். டயர் பலமாக இருக்க வேண்டும் என்பதே அவர்களின் எதிர்பார்ப்பு. 1964ல், டயரைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கும் பலசாலி மனிதர் சின்னம் பிறந்தது. இன்றும் அந்தப் பலசாலியை நெடுஞ்சாலைக் கடைகளில் பார்க்கலாம்.

1967ல் இன்னொரு அதிசயம் நடந்தது. எந்த நாட்டிடம் தொழில்நுட்பம் வாங்கினாரோ, அந்த அமெரிக்காவுக்கே டயர் ஏற்றுமதி செய்தது எம்.ஆர்.எப்.! அப்படி ஏற்றுமதி செய்த முதல் இந்திய நிறுவனம் அதுதான். 1979ல் மேன்ஸ்பீல்டு நிறுவனத்துடனான தொடர்பும் முடிவுக்கு வந்தது. அதன் பிறகு சொந்தக் காலிலேயே நடை போட்டது. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் அரக்கோணத்திலும் அதன் தொழிற்சாலை இயங்குகிறது.

வேகப்பந்து வீச்சாளர்களை உருவாக்க, 1987ல் சென்னையில் எம்.ஆர்.எப். பயிற்சி மையம் தொடங்கப்பட்டது. ஆஸ்திரேலிய வீரர் டென்னிஸ் லில்லி பயிற்சி கொடுத்தார். மாம்மனுக்கு மத்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. 2003ம் ஆண்டு மார்ச் 3ம் தேதி, தன் 80வது வயதில் அவர் காலமானார்.

சரி, உங்கள் சைக்கிளுக்கு எந்த டயர்?

மாம்மன் வாழ்க்கையில் இருந்தே இதற்குப் பதில் கிடைக்கிறது. அதற்கு முன், டயருக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்து விடலாம்.

* சேலைக்கு இழை போல, சைக்கிள் டயருக்குள்ளும் நைலான் இழைகள் உண்டு. விலை குறைந்த டயரில் ஒரு அங்குலத்துக்கு 30 இழை அளவில் இருக்கும். விலை உயர்ந்ததில் 60, 120 என்று நெருக்கமாக இருக்கும். இழை மெல்லியதாக, நெருக்கமாக இருந்தால், டயர் எடை குறையும். மேடு பள்ளத்துக்கு ஏற்ப நன்றாக வளைந்து கொடுக்கும்.

* ஆனால், தடித்த இழையும் கனமான ரப்பரும் கொண்ட மலிவான டயர், கல்லையும் முள்ளையும் தாங்குவதில் பல சமயம் சளைக்காது. கொஞ்சம் கூடுதலாக மிதிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

* மிருதுவான ரப்பர் பாறையிலும் ஈரத்திலும் நன்றாகப் பிடிக்கும். ஆனால், சீக்கிரம் தேயும். கெட்டியான ரப்பர் அதிக நாள் உழைக்கும், பிடிப்பு குறைவு.

* பெரிய பட்டன்கள் சேற்றுக்கும் மண் பாதைக்கும் ஏற்றவை. தார்ச்சாலையில் அவை வேகத்தைக் குறைக்கும். 'உர்ர்' என்று சத்தமும் போடும்.

ஆக, மலைப்பாதையில் இறங்கும் பந்தய வீரருக்கு, விலை உயர்ந்த டயர் தேவை. அங்கே பிடிப்பு தவறினால் எலும்பு முறியும். ஏனாத்தூரில் இருந்து காஞ்சிபுரத்துக்குத் தார்ச்சாலையில் பள்ளிக்குப் போய் வருபவருக்கு, தரமாகச் செய்த சாதாரண டயரே தாராளம். ஆனால், மலிவு என்பதற்காகப் பக்கவாட்டில் வெடிப்பு விட்ட, பல காலம் கடையில் கிடந்த டயரை வாங்கி விடாதீர்கள். எவ்வளவு காற்று அடிக்க வேண்டும் என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அதன்படி காற்று இல்லாவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய டயரும் வீண்தான்!

விலையைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். மலிவைப் பார்த்து இளப்பமாக நினைக்கவும் வேண்டாம். எந்தப் பாதையில் ஓட்டப் போகிறோம், அந்தப் பாதைக்கு இது தாங்குமா என்று மட்டும் பாருங்கள். பலூன் பையோடு தெருத்தெருவாக நடந்த ஒருவர், அமெரிக்காவுக்கே டயர் அனுப்பியது இப்படி யோசித்ததால்தான். அடுத்த முறை சைக்கிள் கடைக்குப் போகும்போது, விலைச் சீட்டை அப்புறம் பார்த்துக் கொள்ளலாம். முதலில் டயரை அழுத்திப் பாருங்கள், திருப்பிப் பாருங்கள், கேள்வி கேளுங்கள்... சரியா குட்டீஸ்!